ஓட்டுப்பல்

மானூத்துப் பக்கம் போகிறவர்களின் காதில் 'ஓட்டுப்பல்' என்ற சொல் அடிக்கடி விழும். கல்யாணப் பந்தியில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிறவர், "ஓட்டுப்பல் மாதிரி நெருக்கி உக்காருங்க மக்கா" என்பார். தையல் கடையில் ரவிக்கைக் கையின் ஓரத்தைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி மடித்துத் தைப்பதற்கு ஓட்டுப்பல் ஓரம் என்று பெயர். முறுக்கு அச்சின் துளையைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் கூர்களும், வேப்பிலையின் விளிம்பில் இருக்கும் வெட்டுகளும், தபால் தலையின் ஓரத்தில் கிழித்த இடத்தில் தெரியும் நெளிவுகளும் அந்த ஊரில் ஓட்டுப்பல்தான். ஒரு விளிம்பில் வரிசையாக இருக்க வேண்டும், பல்லைப் போல இருக்க வேண்டும், பல்லைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்லலாம், ஒருவரும் திருத்த மாட்டார்கள். எந்த அகராதியிலும் இல்லாத இந்தச் சொல், மானூத்தின் வேலிச்சந்தில், செண்பகவல்லியின் மாவு மில்லுக்கு மேலே இருந்த ஓட்டுக் கூரைக்குப் பல் முளைத்த வருஷத்தில் பிறந்தது.

அந்த மில்லில் அரிசியும் கேழ்வரகும் கோதுமையும் மட்டும் அரைப்பார்கள். மிளகாயைக் கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள் செண்பகவல்லி. கணவர் போன பிறகு தனியாக அதை ஓட்டி வந்தாள். அவளுக்கு மில்லில் ஒரு குறையும் இல்லை, கூரையில்தான் குறை. ஓடுகள் பழசாகி, ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இடமெல்லாம் விலகி, ஐப்பசி மழை தடதடவென்று அடிக்கும்போது தண்ணீர் நேராக மோட்டாரின் தலையில் இறங்கியது. போன ஐப்பசியில் மோட்டார் புகைந்து நின்றே போனது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் வேலாயுதம் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"எம்மா, இன்னொரு தடவை மோட்டார் நனைஞ்சா மில்லை மூடிட்டு இங்க வந்துரணும். ஷாக் அடிச்சுக் கெடந்தா யாரு பாக்கது?"

"அங்க வந்து என்னத்தடா செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருங்க."

அந்தச் 'சும்மா'தான் அவளைப் பயமுறுத்தியது. மகன் வீட்டுக்கு அவள் போயிருக்கிறாள். நாலாவது மாடியில், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல் தெரியும் வீட்டில், மருமகள் அன்பாகத்தான் வைத்துக்கொண்டாள். ஆனால் காலையில் எழுந்தவுடன் கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் போனை வைத்ததும் வைக்காததுமாகக் கொத்தனார் நம்பியைக் கூப்பிட்டு, வைகாசியில் ஓட்டைப் பிரித்து, மழைக்கு முன்னால் கான்கிரீட் போட்டுத் தர வேண்டும் என்று பேசி முடித்தாள்.

சித்திரையில் கூரைக்குக் காய்ச்சல் வந்தது.

வெயில் காலத்தில் ஓடு சுடுவது புதுமையில்லை. ஆனால் அந்தச் சூடு காலையிலும் இருந்தது, கோடை மழை தூறிய அன்றும் இருந்தது, ஓட்டின் மேலேயே வாழ்ந்த பூனை இறங்கி வந்து சைக்கிள் கடையில் குடியேறியது. பிறகு ஓட்டின் விளிம்பில் நீர் ஊற ஆரம்பித்தது. மேகம் ஒன்றுமில்லாத வானத்தின் கீழே, மில் வாசலில் அரிசி வாளியோடு நின்ற பெண்களின் தோளில், கொழகொழவென்று, லேசாகப் பால் வாசனையோடு சொட்டு விழுந்தது. அடுத்த வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கும் வெள்ளத்தாய் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள்.

"எக்கா, இது வாணி, பச்சப்பிள்ளை வாயில ஒழுகுமே, அதான். ஒங்க ஓட்டுக்குப் பல்லு மொளைக்கப் போவுது."

"ஏட்டி, காலங்காத்தால கிண்டலா?"

"கையை வச்சுப் பாருங்க. காய்ச்சல், வாணி, எதைக் கண்டாலும் கடிக்கணும்னு ஒரு இது. நேத்து ஓட்டுல விழுந்த பந்து எப்படித் திரும்பி வந்துச்சு பாத்தீங்கல்லா? ஓரமெல்லாம் சப்பி வச்சிருந்துச்சு."

வேலிச்சந்துக்காரர்கள் இதற்கு அதிகம் யோசிக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருந்தது. பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் அதைச் சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிய வேண்டும், எறிந்தால் புதுப்பல் வரும் என்பது அந்தத் தெருவிலும் வழக்கம். தெருவில் எல்லா வீடுகளும் மொட்டை மாடியாகிவிட்டதால், எறிந்த பல் யார் காலிலாவது மிதிபடும் என்று, ஓட்டுக் கூரையாக மிச்சமிருந்த மில்லின் மேலேயே எல்லாப் பிள்ளைகளும் எறிந்து வந்தார்கள். அதோடு ஊரில் மாடும் இல்லாமல் போனது. சாணத்துக்கு எங்கே போவது என்று யோசித்த தாய்மார்கள், மில் வாசலில் கூட்டி வைத்திருக்கும் மாவை ஒரு கை அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதற்குள் பல்லை வைத்து உருட்டிக் கொடுத்தார்கள். சாணம் காய்ந்து உதிர்ந்துவிடும். மாவு அப்படியா? வருஷக்கணக்காக ஊர்ப்பிள்ளைகளின் பல்லை மாவில் வைத்து ஊட்டினால் எந்தக் கூரைதான் என்ன செய்யும் என்று கேட்டார்கள், அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

வைகாசி பிறந்ததும் முதல் பல் தெரிந்தது. ஓட்டின் விளிம்பில், தெற்கு மூலையில், ஊறவைத்த பச்சரிசியைப் போல வெள்ளையாக ஒரு முனை. கொஞ்ச நாளில் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று என்று, வாசல் நீளத்துக்கும் வரிசை கட்டி வந்துவிட்டன. பிள்ளைக்கு முதல் பல் தெரிந்தால் பல்லுக் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்ட வேண்டும். பல் முளைத்த விவரம் தெரிந்தும் அவிக்காமல் இருந்தால் பல் கோணலாகும் என்பார்கள். வெள்ளத்தாய் வீட்டு அடுப்பில், செண்பகவல்லி அரைத்த மாவில், தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டு, சுண்டைக்காய் அளவில் கொழுக்கட்டை பிடித்து, சைக்கிள் கடைக்காரர் ஏணி பிடிக்க, மேலே ஏறி ஓட்டின் தலையில் கொட்டினார்கள். உருண்டு விழுந்ததைப் பிள்ளைகள் மடியில் பிடித்துத் தின்றார்கள். செண்பகவல்லியும் ஒன்று தின்றாள், தின்றபடியே விரல் விட்டு நாளை எண்ணினாள். அடுத்த வாரம் ஓட்டைப் பிரிக்க நம்பி வருவதாக இருந்தது.

நம்பி வந்தார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"எக்கா, பல்லு மொளைச்ச பிள்ளை தலையில கடப்பாரையப் போடச் சொல்லுதீங்க. எனக்குக் கை வராது."

"அண்ணாச்சி, அது ஓடு."

"ஓடுதான். சிரிக்கில்லா."

கூரை சிரித்ததாக வேறு யாரும் சொல்லவில்லை. ஆனால் நம்பி போய்விட்டார்.

செண்பகவல்லி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பல் டாக்டர் ஷகிலா பானுவை அழைத்து வந்தாள். பிடுங்கிவிடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தெரு வாயை மூடிக்கொள்ளும் என்று நினைத்தாள். டாக்டர் புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். சின்னக் கண்ணாடியை ஒவ்வொரு பல்லின் பின்னாலும் வைத்துப் பார்த்தார், குச்சியால் தட்டிப் பார்த்தார், தட்டும்போதெல்லாம் ஓடு லேசாகச் சிலிர்த்தது.

"எல்லாம் பால்பல்தாம்மா. ஆரோக்கியமா இருக்கு. தானா ஆடி, தானா விழும். அதுக்கு முன்னாடி பிடுங்கக் கூடாது, ரொம்ப வலிக்கும்."

"விழுந்த பிறகு ஓட்டைப் பிரிச்சுக்கலாமா டாக்டர்?"

"விழுந்த பிறகு நிலைப்பல் வரும். அது வந்துட்டா ஆயுசுக்கும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குமே, அப்ப வேணா பாருங்க." கீழே இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, "இனிப்பு ஒட்டாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவசரமாக வந்த போனை எடுத்துப் பேசிக்கொண்டே போனார்.

இனிப்பு இல்லாவிட்டாலும் மாவு இருந்தது. மில் ஓடும்போது பறக்கும் மாவு ஓட்டின் பல்லிடுக்கில் படிந்து புளித்தது. அதனால் செண்பகவல்லி காலையில் முதல் வேலையாக, நீளக் கம்பின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டி, பல்பொடியைத் தொட்டு, விளிம்பைத் தேய்த்துவிட வேண்டியிருந்தது. எதிர் வீட்டுத் தாய்மார்களுக்கு அது வசதியாகப் போயிற்று. "பாருல, கூரை கூடப் பல்லு தேய்ச்சிட்டு. நீ இன்னும் கொப்புளிக்கல" என்று பிள்ளைகளை விரட்டினார்கள். வெளியூரிலிருந்து சிலர் வந்து பார்த்தார்கள். படம் எடுத்துப் போன ஒருவர், படத்தைக் காட்டினால் யாரும் நம்பவில்லை என்று திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கு இடியாப்பம் கொடுத்து அனுப்பினார்கள். ஊர்க்காரர்களுக்கு அது சீக்கிரமே பழகிப்போய், வழி கேட்பவர்களிடம், "ஓட்டுப்பல்லைத் தாண்டி இடது கைப் பக்கம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். அப்படி ஆரம்பித்த சொல்தான் வாய்க்கு வாய் போய், தையல் கடைக்கும் முறுக்கு அச்சுக்கும் வந்து சேர்ந்தது. உள்ளூர்த் தமிழாசிரியர் ஒருவர், பல்லுக்கு எயிறு என்று பழைய பெயர் உண்டு, ஆகவே ஓட்டெயிறு என்று சொன்னால் அழகாக இருக்கும் என்றார். அழகாகத்தான் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் பற்கள் ஆட ஆரம்பித்தன.

காற்று அடித்தால் கிடுகிடுவென்று ஆடின. மில் ஓடினால் இன்னும் ஆடின. தெற்கு மூலையில் முதலில் முளைத்ததே முதலில் விழுந்தது, வாளியில் விழுந்து 'டங்'கென்று சத்தம் போட்டது. செண்பகவல்லி அதை எடுத்துக் கழுவி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். மற்றவையும் ஒவ்வொன்றாக விழ விழ, ஒன்றையும் விடாமல் டின்னில் போட்டாள். தெரு அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விழுந்த பல்லை எறிய வேண்டும், எறிந்தால்தான் புதுப்பல் வரும், செண்பகவல்லி எறியவில்லை. எறியாமல் இருந்தால் நிலைப்பல் வராது, ஈறு மூடிவிடும், ஐப்பசி மழைக்கு முன்னால் நம்பி வந்து ஓட்டைப் பிரிப்பார், மோட்டார் பிழைக்கும், அவளும் ஓசூருக்குப் போக வேண்டியதில்லை. இந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அரிசி கொண்டுவந்தவர்கள் கூரையைப் பார்க்காமல் அரைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஓட்டைப் பல்லோடு இருந்த சின்னப் பிள்ளைகள் மட்டும் நடுத்தெருவில் நின்று, ஓட்டைப் பல்லோடு இருந்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பல்லும் விழுந்த பிறகு ஒரு காலையில் வெள்ளத்தாய் அரிசி வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எக்கா, அந்த டின்னுக்குள்ள வச்சு என்ன செய்யப் போறீங்க? ஊறுகாயா?"

"ஒன் வேலையைப் பாரு."

"கேக்கது தப்பா? தெருவுப் பிள்ளைங்க பல்லையெல்லாம் அது தலையில வாங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. அது பல்லை வாங்க ஒரு நாதி இல்ல."

"எறிஞ்சா மொளைக்கும். மொளைச்சா ஓட்டைப் பிரிக்க முடியாது. பிரிக்காட்டா மழை மோட்டார்ல எறங்கும். அப்புறம் நான் ஓசூர்ல நாலாவது மாடியில ஜன்னலை எண்ணிக்கிட்டு இருப்பேன். ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"எனக்கா நல்லாருக்கும்?" வெள்ளத்தாய் வாளியைத் 'தொம்'மென்று வைத்தாள். "நீங்க போயிட்டா நான் இடியாப்ப மாவுக்கு எங்க போவேன்? ரயில் கேட்டைத் தாண்டி, தலையில தூக்கிட்டு நடக்கணும். அந்த மில்லுக்காரன் மிளகா அரைச்ச கல்லுலயே அரிசியையும் அரைக்கான். நீங்க போனா என் யாவாரமும் போச்சு. தெரிஞ்சுதான் சொல்லுதேன், எறிஞ்சிருங்க. ராத்திரி எம்பிள்ளை கேக்கா, ஓடு பாவம்லாம்மான்னு. நான் என்னன்னு சொல்ல?"

செண்பகவல்லி அரிசியை மில்லின் வாயில் கொட்டினாள். மாவு விழுந்துகொண்டிருந்தது. வேலாயுதத்துக்கு முதல் பல் விழுந்த நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மில்லில் கூட்டம். சாயந்திரம் எறியலாம் என்று அதை மாடத்தில் வைத்திருந்தாள். பையன் சாப்பிடவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, மாடத்துக்குக் கீழேயே உட்கார்ந்து, பல் போன இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி வராதோ என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்ததைத்தான் அவளால் பார்க்க முடியாமல், அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு வந்து பல்லை எறிந்தாள்.

இப்போதும் அவள் மில்லை நிறுத்தினாள்.

"சாணி எங்க கெடைக்கும்?" என்றாள்.

இந்தத் தடவை மாவு வேண்டாம், முறைப்படி செய்வோம் என்று எல்லோருக்கும் தோன்றியது. ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் வெள்ளத்தாயே சாணம் அள்ளி வந்தாள். டின்னில் இருந்த பற்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாணத்தில் பொதிந்து, தேங்காய் அளவுக்கு உருட்டினார்கள். உருட்டி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. பிள்ளையின் பல்லைக் கூரை மேல் எறியலாம். கூரையின் பல்லை எதன் மேல் எறிவது? பக்கத்து வீட்டு மொட்டை மாடி என்றார் ஒருவர்; அது கூரைக்கு மேலே இருக்கிறதே தவிர கூரைக்குக் கூரை ஆகாது என்றார் இன்னொருவர். தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், செல்போன் டவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றையும் தள்ளினார்கள். செண்பகவல்லி பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. நடுத்தெருவுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகி, மில்லின் கூரைக்கு நேர் மேலே, வெறும் வானத்தைப் பார்த்து, கேழ்வரகு மூட்டையைத் தூக்கிப் பழகிய இரண்டு கையாலும் வீசினாள்.

எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். உருண்டை கூரையைத் தாண்டியது, மாடிகளைத் தாண்டியது, கடுகளவாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கீழே வரவில்லை.

"காக்கா கொத்திட்டுப் போயிருக்கும்."

"தேங்கா மாதிரி உருண்டைய எந்தக் காக்கா தூக்கும்?"

"பொறுங்க, ஒசரமாப் போயிருக்கு. எறங்க நேரமாகும்லா."

பொறுத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், மத்தியானம் திரும்பினார்கள், உருண்டை வரவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு வேலிச்சந்தில் நடப்பவர்கள் தலைக்கு மேல் ஒரு பையையோ தட்டையோ பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

செண்பகவல்லி காலையில் கம்பையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு விளிம்பைப் பார்ப்பாள். நிலைப்பல் வரவில்லை. ஈறும் முழுசாக மூடவில்லை. பல் வராவிட்டால் ஓட்டைப் பிரித்துவிடலாம் என்று நம்பிக்கு ஆள் அனுப்பினாள். தீபாவளி முடிந்துதான் கை ஒழியும், அதுவரைக்கும் ஈறு ஆறட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். மழை அவருக்காகக் காத்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு பகல் வேளையில், மில்லில் கோதுமை ஓடிக்கொண்டிருக்கும்போது, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. போன வருஷத்தை மறக்காத தெரு, சொல்லாமலே ஓடி வந்தது. ஒருவர் தார்ப்பாய் கொண்டுவந்தார், ஒருவர் அண்டா கொண்டுவந்தார், வெள்ளத்தாய் இடியாப்பத் தட்டுகளையெல்லாம் மோட்டாரைச் சுற்றிப் பரப்பினாள். சைக்கிள் கடைக்காரரும் இன்னும் மூன்று பேரும் தார்ப்பாயின் நாலு மூலையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மோட்டாரைச் சுற்றி நின்றார்கள். செண்பகவல்லி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

மேலே இடித்தது. வழக்கமான இடி இல்லை அது. வெடிக்காமல், முறியாமல், கடகடவென்று ஓரிடத்திலேயே நின்று சுற்றுவது போல, வாய் நிறைய எதையோ வைத்து மெதுவாக, பொறுமையாக மெல்லுவது போலக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்களுக்குக் கை வலித்தது.

"மழை வந்துட்டா?" என்றார் ஒருவர்.

"வந்துட்டு" என்றாள் வாசலோரம் நின்ற வெள்ளத்தாய். "தெரு நனைஞ்சிட்டு. ஆனா சத்தத்தைக் காணோம்."

ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கமும் பேருந்து நிலையத்திலும் மழை எப்போதும் போலச் சரளைக் கல்லாக அடித்துக்கொண்டிருந்தது. வேலிச்சந்துக்கு மேலே மட்டும் அது துளியாக விழவில்லை. மேலேயே பல்லில் அரைபட்டு வந்தது போலப் பொடிந்து பொடிந்து, காற்றில் மிதந்து, சல்லடையில் சலித்தது போல ஓட்டின் மேல் ஓசையில்லாமல் படிந்தது. படிந்தது சேர்ந்து சரிவில் வழிந்தது, ஓட்டுக்கு ஓடு கை மாற்றிக்கொண்டு விளிம்புவரை போய், பல்லில்லாத ஈறு நெடுகிலும் நூல் நூலாகத் தெருவில் இறங்கியது. விலகிய இடுக்குகளுக்குள் புக அதற்கு வேகமில்லை. உள்ளே தார்ப்பாய் காய்ந்தபடி இருந்தது. அண்டா காலியாக இருந்தது. இடியாப்பத் தட்டுகளில் ஒரு சொட்டு இல்லை.

செண்பகவல்லி மோட்டாரைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கையில் படிந்த மழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அரைத்த மாவின் பதம் பார்ப்பது போல நிதானமாகத் தேய்த்துப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்றாள் வெள்ளத்தாய்.

"நல்ல நைசு" என்றாள் செண்பகவல்லி.

கையை முந்தானையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பாதியில் நின்ற கோதுமையை ஓட விட்டாள்.